கஜிமியெஷ் டோல்னி: ஆறு விட்டுப்போன ஊரா?

கேள்வி (8 பிப்ரவரி 2025)

போலந்தில் வேலை பார்க்கும் நண்பர் கஜிமியெஷ் டோல்னி என்ற ஆற்றங்கரை ஊரின் படங்களை அனுப்பினார். கஜிமியெஷ் என்ற மன்னர் தன் பெயரில் கட்டிய ஊராம், நானூறு வருடமாக அப்படியே இருக்கிறதாம். மக்கள்தொகை மூவாயிரம்கூட இல்லை. இத்தனை சின்ன ஊரில் அரண்மனை மாதிரி வீடுகள் எதற்கு? யாராவது போயிருக்கிறீர்களா?

8 பிப்ரவரி 2025, இரவு

போயிருக்கிறேன். லூப்ளினில் ஆறு வருடமாக இருக்கிறேன். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. பஸ் ஏறினால் ஆப்பிள் தோட்டங்களும் மேடுபள்ளமான வயல்களுமாகப் போய், கடைசியில் சட்டென்று பள்ளத்தாக்கில் இறங்கும். எல்லாப் பருவத்திலும் போய்வந்திருக்கிறேன்.

பெயர் விஷயத்தில் நண்பர் சொன்னது பாதி சரி. மன்னர்கள் இருவர். பெயருக்குக் காரணமானவர் 12-ஆம் நூற்றாண்டின் நீதிமான் கஜிமியெஷ். அப்போது அந்த இடத்தின் பெயர் வியெட்ஷ்னா கூரா, அதாவது காற்று மலை. 1181-இல் அவர் அதை கிராக்கோவ் பக்கத்திலிருந்த நோர்பெர்த்தின் என்ற கத்தோலிக்கச் சபையின் கன்னியர் மடத்துக்குக் கொடுத்தார். தானம் தந்தவர் பெயரைக் கன்னியர்கள் ஊருக்கு வைத்தார்கள். நண்பர் சொல்லும் மகா கஜிமியெஷ் 14-ஆம் நூற்றாண்டுக்காரர். கோட்டை கட்டியதும் ஊருக்கு நகர உரிமை தந்ததும் அவர் காலத்தில்.

டோல்னி என்றால் கீழ். கிராக்கோவை ஒட்டியும் ஒரு கஜிமியெஷ் இருக்கிறது. அது ஆற்றின் மேல்பக்கம், இது கீழ்பக்கம். மேலூர், கீழூர் என்று நாம் சொல்வதுபோலத்தான்.

வீடுகளைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

9 பிப்ரவரி 2025

வீடுகளுக்கு ஒரே பதில்: தானியம்.

விஸ்துலா ஆறு (போலிஷில் வீஸ்வா) தெற்கு மலைகளில் பிறந்து 1,047 கிலோமீட்டர் ஓடி க்டான்ஸ்க் பக்கம் பால்டிக் கடலில் கலக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் நகரங்கள் வளர்ந்தன. அவற்றுக்குச் சோறு வேண்டும். போலந்தின் கம்பும் கோதுமையும் ஆற்றுவழியே க்டான்ஸ்க் போய், அங்கிருந்து கப்பலில் ஆம்ஸ்டர்டாம் போயின. 1618-இல் மட்டும் ஒரு லட்சம் லாஸ்டுக்கும் மேல் தானியம் க்டான்ஸ்க் வழியாக வெளியே போயிருக்கிறது. ஒரு லாஸ்ட் ஏறக்குறைய இரண்டு டன். லூப்ளின் பக்கத்து வண்டிகள் எல்லாம் வந்து இறக்கிய துறை கஜிமியெஷ். ஆற்றோரம் நாற்பதுக்கும் மேற்பட்ட தானியக் கிடங்குகள் வரிசையாக இருந்தன. போலிஷில் ஸ்பிக்லெஷ் என்பார்கள். இன்று நிற்பவை கொஞ்சம்தான். ஒன்று இயற்கை அருங்காட்சியகம், சில தங்கும் விடுதிகள்.

சந்தைச் சதுக்கத்தின் மூலையில் ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளைத்தான் உங்கள் நண்பர் படமெடுத்திருப்பார். ப்ஷிபிவா சகோதரர்களின் வீடுகள், 1615. அண்ணன் தம்பி பெயர்கள் மிக்கோவாய், க்ஷிஷ்டோஃப். அதே பெயர்கொண்ட புனிதர்களைச் சுவரில் செதுக்கச் செய்திருக்கிறார்கள். குழந்தை யேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் கிறிஸ்டோபர் சுவரின் உயரத்துக்கு நிற்கிறார். கையில் ஊன்றியிருப்பது ஒரு மரத்தையே வேரோடு பிடுங்கியதுபோல. பக்கத்து வீட்டில் நிக்கோலஸ், மாலுமிகளுக்கும் வணிகர்களுக்கும் காவல். ஆற்றில் பணம் போட்டவர்கள் யாரை வேண்டிக்கொண்டார்கள் என்பது வீட்டு முகப்பிலேயே தெரிகிறது.

9 பிப்ரவரி 2025, சற்றுப் பிறகு

'சோறு' என்று எழுதிவிட்டேன், ரொட்டி என்று படித்துக்கொள்ளுங்கள். கை பழக்கம்.

11 பிப்ரவரி 2025

படகுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார் ஒருவர். பெரியது ஷ்குத்தா, அதைவிடச் சின்னது டுபாஸ். கொமியெங்கா என்று ஒன்று உண்டு, போகும் பயணத்துக்கு மட்டும் செய்தது. க்டான்ஸ்கில் தானியத்தை இறக்கியதும் பலகையைக் கழற்றி மரமாக விற்றுவிடுவார்கள். படகோட்டிகளுக்கு ஃபிளிசாக் என்று பெயர். ஷ்குத்தா திரும்பும்போது துணி, உப்பிட்ட மீன், ஒயின் எல்லாம் ஏற்றிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து வரும். கொமியெங்காவில் போனவர்கள் நடந்தே ஊர் திரும்புவார்கள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். மரத் தெப்பம் ஓட்டும் தொழிலை 2022-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தபோது போலந்துக்காரர்களும் அதில் இருந்தார்கள்.

சரி, தானியம் யாருடையது? இதை முதல் குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1520-லேயே சட்டம் வந்துவிட்டது: குடியானவன் வாரம் ஒரு நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். தானிய விலை ஏற ஏற அந்த ஒரு நாள் பல நாள் ஆனது. ப்ஷிபிவா வீட்டின் செதுக்குவேலையை முதன்முறை பார்த்தபோது வாய் பிளந்து நின்றேன். மூன்றாவது முறை போனபோதுதான் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த வெறுங்கால்கள் நினைவுக்கு வந்தன. கட்டடத்தின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்தே பார்க்கப் பழகிக்கொண்டேன்.

14 பிப்ரவரி 2025

பிறகு ஊர் ஏன் சுருங்கியது?

ஆறு மேற்கே நகர்ந்துவிட்டது. துறையும் ஊரும் பிரிந்துபோயின. அதோடு எல்லாம் முடிந்தது.

20 பிப்ரவரி 2025

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். ஆறு விலகியது உண்மை, ஆனால் பழியை எல்லாம் அதன் தலையில் போட்டது தவறு. இந்த வாரம் முழுக்க இதையே மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். இழைக்கு வைத்த தலைப்பே இப்போது உறுத்துகிறது.

வரிசை இப்படி. 1650களில் ஸ்வீடன் படையெடுப்பு, ஊர் எரிந்தது. அப்புறம் கொள்ளைநோய்கள். மேற்கே தானியத் தேவை குறைந்து விலை விழுந்தது. ஊர் ஒருவழியாக எழுந்து நிற்கும் நேரத்தில் 1772-இல் போலந்தை மூன்று அரசுகள் பங்குபோட்டன. விஸ்துலாவின் கீழ்ப்பகுதி பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் கைக்குப் போனது, ஆற்றின் நடுவில் சுங்கச்சாவடி முளைத்தது. கடலுக்குப் போகும் வழியை இன்னொருவன் பிடித்துக்கொண்டால் ஆற்றுத்துறை என்ன செய்யும்? 1877-இல் விஸ்துலா ரயில்பாதை போட்டபோது அது புவாவி ஊர் வழியாகப் போயிற்று, 12 கிலோமீட்டர் வடக்கே. இன்றைக்கும் கஜிமியெஷுக்கு ரயில் கிடையாது. அதற்கு முன்பே, 1863-இல் போலந்துக்காரர்கள் செய்த எழுச்சியை அடக்கிய ரஷ்ய ஜார் அரசு நூற்றுக்கணக்கான சிறு நகரங்களின் நகர உரிமையைப் பறித்தது. கஜிமியெஷ் 1869-இல் கிராமம் ஆனது. உரிமை திரும்பியது 1927-இல்.

ஆக, ஊரைக் காப்பாற்றியது யாருடைய ரசனையும் இல்லை. இடித்துப் புதிதாகக் கட்ட எவரிடமும் காசு இல்லை.

21 பிப்ரவரி 2025

உச்சரிப்பு கேட்டவருக்கு: கஜிமியெஷ் என்பதில் 'ஜி'யை மென்மையாகச் சொல்லுங்கள். வீஸ்வா என்பதில் எல் எழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டிருப்பார்கள், அது வ-வாக ஒலிக்கும். பஸ் நிலையத்தில் 'விஸ்லா' என்று கேட்டு வேறு ஏதோ பஸ்ஸுக்கு வழி காட்டப்பட்டவர்கள் உண்டு.

1 மார்ச் 2025

இன்று போய்வந்தேன். பனி உருகும் காலம். கொஜெனியோவி டூவ் என்ற பள்ளத்தில் இறங்கினேன், வேர்ப் பள்ளம் என்று பொருள்.

இங்கே மண் லோயஸ். பனியுகத்தில் காற்று வாரிக்கொண்டுவந்து கொட்டிய வெளிர்மஞ்சள் தூசி மண். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி. காய்ந்திருக்கும்போது செங்குத்துச் சுவராக நிற்கும், தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும். வயலுக்குப் போன வண்டிச் சக்கரங்கள் பாதையைத் தேய்த்தன, மழை அந்தத் தடத்தில் இறங்கி வாரியது, இப்படியே தலைமுறை தலைமுறையாகப் பாதை பூமிக்குள் போய்விட்டது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மண்சுவர். உச்சியில் நிற்கும் மரங்களின் வேர்கள் பிடிமானம் இழந்து, சுவரிலிருந்து வெளியே வந்து தொங்குகின்றன. சில என் தொடைப் பருமன், சில நூல் மாதிரி. ஒரு வேரைப் பிடித்துப் பார்த்தேன், சில்லென்று ஈரம். பிடித்த இடத்தில் ஆயிரம் கை பட்டு வழவழப்பாகியிருந்தது. மேலே கிளைகளிலிருந்து உருகிய பனி சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் தவிர எதுவும் இல்லை. காலணியில் ஒட்டிய மண்ணை வீட்டுக்கு வந்து கழுவவே அரை மணி நேரம்.

இந்த மாதிரிப் பள்ளங்கள் இவ்வளவு நெருக்கமாக ஐரோப்பாவில் வேறெங்கும் இல்லை என்பார்கள். சுற்றுவட்டாரத்தை 1979-இல் நிலக்காட்சிப் பூங்காவாக அறிவித்தார்கள்.

அப்புறம் மூன்று சிலுவை மலை ஏறினேன். 1708 கொள்ளைநோயில் இறந்தவர்களின் நினைவாக மூன்று மரச் சிலுவைகள். கீழே சிவப்பு ஓடும் மரச்சில்லும் வேய்ந்த கூரைகள், அப்பால் அகலமான பழுப்பு ஆறு, அதற்கும் அப்பால் யனோவியெட்ஸ் கோட்டை. எதிர்ப்பக்கக் குன்றில் வட்டக் கோபுரம், இருபது மீட்டர் உயரம், வாசல் தரையில் இல்லை, பல மீட்டர் மேலே இருக்கிறது. கோட்டையைவிடப் பழையது அது, ஆற்றைக் கண்காணிக்கக் கட்டியது.

3 மார்ச் 2025

ஒரு வாசகர் சரியாகப் பிடித்தார். 'சிலுவை மலை' என்ற பெயர் 16-ஆம் நூற்றாண்டிலேயே ஏடுகளில் இருக்கிறது. அப்படியானால் 1708-க்கு முன்பே அங்கே சிலுவைகள் இருந்திருக்க வேண்டும். கொள்ளைநோய்க்கு நட்டவை பின்னால் வந்தவை. தகவல் பலகையில் படித்ததைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.

4 மார்ச் 2025

இந்த ஊரின் சேவல் ரொட்டி இன்னும் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: ஆம், கிடைக்கும். முட்டையும் பாலும் சேர்த்த மாவு, சேவல் வடிவம், மேலே பளபளப்பு. இனிப்பு லேசாக இருக்கும். சாத்தான் வந்து ஊர்ச் சேவல்களை எல்லாம் தின்று தீர்த்ததாகவும், கடைசிச் சேவல் மட்டும் தப்பியதாகவும் கதை. வாங்கிய அன்றே சாப்பிட்டுவிடுங்கள். மறுநாள் கல்.

16 மார்ச் 2025

இந்த இழையில் இவ்வளவு எழுதியும் ஊரில் பாதிப் பேரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு நாளாகத் தூக்கம் கெட்டது இதனால்தான்.

முதல் தடவை போனபோது ஒரு வழிகாட்டியோடு நடந்தேன், பெயர் வேண்டாம். கோட்டை, கோபுரம், தேவாலயத்தில் 1620-ஆம் வருட ஆர்கன், சதுக்கத்தில் 1913-இல் கூரை போட்ட மரக் கிணறு எல்லாம் காட்டினார். சின்னச் சந்தையில் ஒரு பெரிய கல் கட்டடத்தைக் கடந்தோம். 'பழைய சினிமா தியேட்டர்' என்று சொல்லிவிட்டு நடந்தார். அது யூதர்களின் ஜெபக்கூடம். 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது, போரில் சிதைந்தது, 1950களில் சீரமைத்துத் தியேட்டராக்கினார்கள். பக்கத்தில் நிற்கும் மரக் கொட்டகை அவர்களுடைய இறைச்சிக் கடைகள்.

இங்கத்திய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் இந்த ஊருக்குக் குஸ்மிர் என்று பெயர். இரண்டு போர்களுக்கும் நடுவில் ஊரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் யூதர்கள். 19-ஆம் நூற்றாண்டில் யெஹெஸ்கேல் தவுப் என்ற ஹசிதிய குரு இங்கே இருந்தார். ஹசிதியம் யூதர்களின் ஒரு பக்தி மரபு. அவருக்கு இசைதான் வழிபாடு. அவர் வழியில் வந்த மொட்ஸிட்ஸ் குருபரம்பரையின் மெட்டுகளை இன்றும் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் பாடுகிறார்கள். மகா கஜிமியெஷ் மன்னர் எஸ்தர்கா என்ற யூதப் பெண்ணைக் காதலித்து, பக்கத்து பொஹொட்னிட்சாவில் அவளுக்குக் கோட்டை கட்டினார், இரண்டு கோட்டைக்கும் நடுவே சுரங்கப்பாதை என்ற கதையை யூதர்களும் மற்றவர்களும் சொல்லி வந்தார்கள்.

1939-க்குப் பிறகு மலைச்சரிவில் இருக்கும் துறவியர் மடத்தில் நாஜி ஜெர்மனியின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ உட்கார்ந்தது. யூதர்களின் கல்லறைக் கற்களைப் பெயர்த்துக்கொண்டுவந்து, அந்த மடத்து முற்றத்தில் தளமாகப் பாவச் செய்தார்கள். 1942 வசந்தத்தில் எஞ்சியவர்களை ஒபோலெ ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஒபோலெயிலிருந்து பெவ்ஜெட்ஸ், சொபிபூர் கொலைமுகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். குஸ்மிர் என்று சொல்ல ஊரில் ஆளில்லை.

17 மார்ச் 2025

ஓவியர்களைப் பற்றி நேற்றே எழுத நினைத்தேன், மனம் வரவில்லை.

1913-இல் ததேயுஷ் புருஷ்கோவ்ஸ்கி என்ற ஓவியர் வந்தார். பிறகு வார்சா கலைப்பள்ளி மாணவர்களைக் கோடைதோறும் கூட்டிவந்தார். 1925-இல் அவர் மாணவர்கள் புனித லூக்கா சகோதரத்துவம் என்ற குழுவை இங்கே தொடங்கினார்கள். சந்தை நாளில் சதுக்கம் முழுக்க ஓவியப் பலகைகளாம். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியும், வார்சாவிலிருந்து பறந்தே வருவாராம். 1942-இல் ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த ஓவியங்களில் சாய்ந்த மரவீடுகளும் கறுப்பு அங்கி போட்டவர்களும் வருகிறார்கள். வீடும் இல்லை, ஆளும் இல்லை இப்போது.

23 மார்ச் 2025

'நானூறு வருடமாக அப்படியே' என்பதற்கு மீண்டும் வருகிறேன். 20 பிப்ரவரி குறிப்பில் காசில்லாததால் ஊர் தப்பித்தது என்று எழுதினேன். அதுவும் முழு உண்மையில்லை. இரண்டாம் உலகப் போரில் ஊர் மோசமாகச் சேதமானது. பின்னர் கரோல் ஷிச்சின்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் பல வருடம் உட்கார்ந்து ஊரை மீட்டார். உள்ளூர் வெள்ளைக் கல், மரச்சில்லுக் கூரை, வளைவுத் திண்ணை எல்லாம் வைத்துப் புதியதைப் பழையதோடு பொருந்தக் கட்டினார். நாம் 'பழசு' என்று படமெடுக்கும் பல சுவர்கள் என் தாத்தா வயதுகூட இல்லாதவை. அவர் வேலையை நான் மதிக்கிறேன், சதுக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்கு ஒரு உறுத்தலும் இல்லை. அதேசமயம், அந்த நேர்த்தியில் யாருடைய மரவீடுகள் திரும்ப வரவில்லை என்று தேடாமலும் இருக்க முடியவில்லை. 1994-இல் ஊரைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

5 ஏப்ரல் 2025

வெள்ளம் வருமா என்று கேட்டவருக்கு: வரும். 2010 மே மாதம் இங்கிருந்து தெற்கே வில்கூவ் பக்கம் கரை உடைந்து, பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களும் வீடுகளும் மூழ்கின. லூப்ளினில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவின் அக்கா வீடு அங்கேதான். போலிஷ் முறைப்படி 'பானி' (அம்மா) என்று மரியாதையாகத்தான் அவரைக் கூப்பிடுவேன். ஆற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும். சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தை அக்கா கணவர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாராம், வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவாராம். கோடையில் நேர்மாறு, நீர் வற்றி நடு ஆற்றில் மணல்திட்டு தெரியும், யனோவியெட்ஸுக்குப் போகும் படகு நின்றுவிடும்.

29 ஜூன் 2025

நாட்டுப்புறப் பாடகர் விழாவுக்குப் போய்வந்தேன். 1967-லிருந்து ஜூன் கடைசியில் நடக்கிறது. எண்பதை நெருங்கிய ஒரு பாட்டி துணைக்கருவி ஏதுமில்லாமல் தனியாக நின்று பாடினார். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கும் சத்தம்கூட ஒலிபெருக்கியில் கேட்டது. கூட்டம் அசையவில்லை.

விழா நடுவிலேயே எழுந்து ஒபோலெ சாலையில் செர்னியாவிக்கு நடந்தேன், யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கும் இடம். சதுக்கத்திலிருந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காட்டுச் சரிவில் ஒரு நீளமான சுவர். மடத்து முற்றத்தில் பாவியிருந்த கற்களை மீட்டு, உடைந்த நூற்றுக்கணக்கான துண்டுகளையும் பதித்து 1984-இல் எழுப்பியது, ததேயுஷ் அவுகுஸ்தினெக் வடிவமைத்தது. நடுவில் மேலிருந்து கீழ்வரை கோணல்மாணலாக ஒரு பிளவு, ஆள் நுழையும் அகலம். துண்டுகளில் ஆசீர்வதிக்கும் இரண்டு கைகள், சிங்கம், ஒடிந்த மெழுகுவத்தி. ஒரு கல்லில் எழுத்து பாதியில் நிற்கிறது, மீதித் துண்டு எங்கேயோ.

பிளவுக்குள் புகுந்து பின்பக்கம் போனால் மரங்களுக்கு நடுவே சில கல்லறைக் கற்கள் இன்னும் நட்ட இடத்திலேயே நிற்கின்றன. பாசி பிடித்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து. ஒன்றின் தலையில் யாரோ சின்னக் கூழாங்கல் வைத்திருந்தார்கள், யூதர்களின் வழக்கம் அது. வழியில் எடுத்த ஒரு கல் என் பையில் இருந்தது. அதன் பக்கத்தில் வைத்தேன்.

30 ஜூன் 2025

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் நண்பர் போனால், காலையில் முதல் பஸ்ஸில் போகச் சொல்லுங்கள். சதுக்கத்தில் கூட்டம் சேருமுன் செர்னியாவி வரை நடந்துவிட்டு வரட்டும். ப்ஷிபிவா வீடுகளை மதியம் பார்க்கலாம்.